மைலேஜ் குறைஞ்சதுக்கு இ20 மட்டும்தான் காரணமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கார் வச்சிருக்கற நம்ம நேயர்கள்கிட்ட இருந்து கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் வேற வேற வார்த்தையில வந்துட்டு இருக்கு. "முன்னாடி லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி இப்ப 11தான் கொடுக்குது. இந்த எத்தனால் பெட்ரோல்தானே காரணம்?"

சுருக்கமான பதில் முதல்ல. எத்தனால் கலந்த பெட்ரோல்ல மைலேஜ் குறையும். இதை அரசாங்கமே ஒத்துக்குது. ஆனா 15லிருந்து 11 என்றால் அது 27 சதவீதச் சரிவு. அவ்வளவையும் எத்தனால் தலையில கட்டினா கணக்கு இடிக்குது. மீதி எங்கேயோ வேற இடத்துல ஒழுகுது. அந்த ஒழுகலைத்தான் இன்னைக்குத் தேடப் போறோம். ஏன்னா எத்தனாலை நம்மால மாத்த முடியாது, மீதியை மாத்த முடியும்.

முதல்ல ஒழுங்கா அளக்கலாம்

மைலேஜ் பத்தின பாதிச் சண்டை அளக்கத் தெரியாததால வர்றது. டேஷ்போர்டு காட்டுற நம்பர் ஒரு மதிப்பீடுதான். பல கார்கள்ல அது நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளமாவே காட்டும். விளம்பரத்துல வர்ற ஏஆர்ஏஐ நம்பர், லேப்ல ரோலர் மேல வண்டியை ஓட்டி எடுத்தது. அந்த டெஸ்ட்ல வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏசி ஓடாது, முன்னாடி ஷேர் ஆட்டோவும் திடீர்னு நிக்காது. ரெண்டு காரை ஒப்பிட அந்த நம்பர் உதவும். உங்க செலவைக் கணக்குப் போட உதவாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய முறை இதுதான். டேங்கை ஃபுல் பண்ணுங்க. நாசில் தானா 'டக்'னு கட் ஆகும் இல்லையா, அதோட நிறுத்திடுங்க. "ரவுண்ட் பண்ணிடட்டுமா சார்?"னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. அடுத்த தடவையும் அதே பங்க்ல, முடிஞ்சா அதே பம்ப்ல, அதே மாதிரி ஆட்டோ கட் வரைக்கும் போடுங்க. 412 கிலோமீட்டர் ஓடியிருக்கு, 30.2 லிட்டர் பிடிச்சிருக்குன்னா உங்க மைலேஜ் 13.6.

ஒரு டேங்க் கணக்கை நம்பாதீங்க. மூணு டேங்க் எடுத்துச் சராசரி பாருங்க. மொபைல் நோட்ஸ்ல தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூணு நம்பர் போதும். 500 ரூபாய்க்கு, 1000 ரூபாய்க்குன்னு போட்டுட்டு இருந்தா இந்தக் கணக்கு எந்தக் காலத்துலயும் வராது.

எத்தனால் உள்ள போனா என்ன நடக்குது?

இ20 என்றால் 100 லிட்டர்ல 20 லிட்டர் எத்தனால், 80 லிட்டர் பெட்ரோல். நாட்டுல சராசரியா 10 சதவீதக் கலப்பு 2022 ஜூன்லயே வந்தாச்சு. இ20யை 2023 பிப்ரவரியில பெங்களூருல பிரதமர் தொடங்கி வச்சார். 2030க்குன்னு வச்சிருந்த 20 சதவீத இலக்கு முன்னாடியே இழுக்கப்பட்டு, 2025லயே எட்டிட்டாங்க. இப்ப பங்க்ல "சாதா பெட்ரோல்"னு கேட்டா கிடைக்கறது இதுதான்.

எத்தனாலுக்குள்ள இருக்கிற எரிசக்தி பெட்ரோலைவிடக் கம்மி. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் இருக்கும், எத்தனால்ல சுமார் 21தான். மூணுல ஒரு பங்கு குறைவு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கறதால, அது எரியக் காத்தும் குறைவாத்தான் வேணும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கவனிச்சு, "இன்னும் கொஞ்சம் பெட்ரோல் தெளி"ன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வண்டி நல்லாத்தான் ஓடும், டேங்க் மட்டும் சீக்கிரம் காலியாகும்.

இப்ப கணக்குப் போடுவோம். எத்தனாலே இல்லாத பெட்ரோலோட ஒப்பிட்டா இ20ல சுமார் 7 சதவீதம் சக்தி குறைவு. ஆனா நம்மள்ல பெரும்பாலானவங்க இ10லிருந்து இ20க்கு வந்தவங்க. அந்த வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான். 15 கொடுத்த வண்டி 14.5 கொடுக்கும்.

அரசாங்கத்தோட நம்பர்களும் இந்தப் பக்கம்தான் வருது. நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்குச் சரிசெய்த கார்கள்ல 6 முதல் 7 சதவீதம் குறையும்னு போட்டிருக்காங்க. இ10க்கு வடிவமைச்சு இ20க்குச் சரிசெய்த கார்கள்ல 1 முதல் 2 சதவீதம். பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொன்னதும் புது கார்களுக்கு 1–2, மத்ததுக்கு 3–6 சதவீதம்.

சரி, பணமா எவ்வளவு?

மாசம் 1000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுப்போம். 15 கொடுக்கும்போது 66.7 லிட்டர் ஆகும். 14.5 கொடுத்தா 69 லிட்டர். மாசம் 230 ரூபாய் கூடுதல். பழைய கார், 7 சதவீதம் வரைக்கும் குறையுதுன்னே வச்சாலும் சுமார் 500 ரூபாய்தான்.

ஆனா 11 கொடுத்தா 91 லிட்டர் ஆகும். மாசம் 2,400 ரூபாய்க்கு மேல எக்ஸ்ட்ரா, வருஷத்துக்கு 29,000. இதுல எத்தனால் பங்கு 230லிருந்து 500. மீதி ரெண்டாயிரம் ரூபாய் எங்க போகுதுன்னு தேடாம, "எல்லாம் இ20 பண்ற வேலை"ன்னு விட்டுட்டா, வண்டியில இருக்கற ஒரு நிஜக் கோளாறு அப்படியே வளரும். சர்வீஸ்ல விட்டாலும், "இப்ப எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு திருப்பி அனுப்பறதுக்கு இது சுலபமான பதிலா ஆயிடுச்சு.

அதுக்காக அந்த 230 ரூபாய் நியாயம்னு நான் சொல்ல வரலை. சக்தி குறைஞ்ச லிட்டருக்கு அதே விலை வாங்குறாங்க. இந்த இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை தரலாம்னு அதே நிதி ஆயோக் அறிக்கையே யோசனை சொல்லியிருந்தது. அப்ப எத்தனால் மலிவு. இப்ப எத்தனால் கொள்முதல் விலை போக்குவரத்து, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து லிட்டருக்கு சராசரி 71.32 ரூபாய், சுத்திகரிச்ச பெட்ரோலோட அடக்க விலையைவிட அதிகம்னு 2025ல அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையுது, கரும்பும் மக்காச்சோளமும் போடுற விவசாயிக்குப் பணம் போகுதுங்கறது அவங்க தரப்பு. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வாங்கற வாய்ப்பு வேணும்னு போட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆக, பங்க்ல நமக்குச் சாய்ஸ் கிடையாது.

அப்ப பிரீமியம் பெட்ரோல் போடலாமா?

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலோட சக்தி இல்லை. இன்ஜினுக்குள்ள அழுத்தும்போது நேரம் வர்றதுக்கு முன்னாடியே தானா பத்திக்காம எவ்வளவு தாங்கும்ங்கறதுதான் அது. அதிக அழுத்தத்துல ஓடற டர்போ இன்ஜின், ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றுக்கு அது தேவை. மேனுவல்ல 91 போதும்னு போட்டிருந்தா, கூடுதல் ஆக்டேனால உங்க இன்ஜினுக்குச் சொல்லிக்கற மாதிரி லாபம் இல்லை. அமெரிக்காவுல ஏஏஏ அமைப்பு 2016ல இதைச் சோதிச்சது. சாதா பெட்ரோலுக்கான கார்கள்ல பிரீமியம் போட்டதால மைலேஜ்லயோ பவர்லயோ உருப்படியான வித்தியாசம் எதுவும் இல்லைன்னு முடிவு வந்தது.

இங்க இன்னொரு விஷயமும் இருக்கு. எத்தனாலே ஆக்டேனை ஏத்தும். இ20 ஆக்டேன் கிட்டத்தட்ட 95னு அமைச்சகமே சொல்லுது. அப்புறம் 95க்குன்னு தனியா காசு எதுக்கு? பிரீமியம்னு பேர் இருந்தா எத்தனால் இல்லைன்னும் அர்த்தம் கிடையாது.

100 ஆக்டேன் பெட்ரோல் சாதாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. அதுல எத்தனாலே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும், 7 சதவீத மைலேஜுக்காக 50 சதவீதம் கூடுதலா கொடுக்கறது எந்த ஊர் கணக்கு?

பழைய வண்டி வச்சிருக்கறவங்க கவனிக்க

2023 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான கார்கள்ல பெட்ரோல் படற பாகங்கள் இ20 தாங்கற மாதிரி இருக்கும். அதுக்கு முந்தின மாடல், அதுவும் செகண்ட் ஹேண்ட்ல எடுத்த 2015, 2016 வண்டின்னா மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ரப்பர். ஃப்யூயல் ஹோஸ், கேஸ்கெட் இதெல்லாம் எத்தனால்ல நாளடைவுல கெட்டுப் போகலாம். வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வந்தா அன்னைக்கே காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. ரெண்டு, ஃப்யூயல் ஃபில்டர். எத்தனால் நல்ல கரைப்பான், டேங்க் அடியில வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்கைக் கிளப்பி விட்டுடும். அது ஃபில்டர்ல போய் அடைக்கும். மூணு, தண்ணி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாசக்கணக்குல ஓட்டாம கால் டேங்க் பெட்ரோலோட நிறுத்தி வைக்காதீங்க.

சர்வீஸ்ல எது நிஜமாவே மைலேஜைத் தொடுது?

பெருசுல ஆரம்பிக்கிறேன். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப் போனா இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியாத மாதிரி. தேவைக்கு மேல பெட்ரோலை ஊத்திட்டே இருக்கும். இந்த மாதிரிப் பெரிய கோளாறைச் சரி பண்ணினா 40 சதவீதம் வரைக்கும்கூட மைலேஜ் ஏறலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. மஞ்சள் கலர்ல 'செக் இன்ஜின்' லைட் எரிஞ்சிட்டே இருந்தா, அதைப் பழகிக்காதீங்க. மெக்கானிக்கிட்ட ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. சில நிமிஷத்துல எந்தக் கோளாறுன்னு கோடு வந்துடும்.

அடுத்தது பிரேக் ஜாம். பிரேக்கை விட்ட அப்புறமும் பேட் டிஸ்க்கை உரசிட்டே இருக்கும். சமதளமான இடத்துல மெதுவா போகும்போது நியூட்ரல் போட்டா, வண்டி உருளாம சட்டுனு நிக்குதா? ஓட்டி முடிச்சதும் ஒரு வீல் பக்கம் மட்டும் அனல் அடிக்குதா, கருகின வாடை வருதா? உடனே காட்டணும். இது மைலேஜ் பிரச்சனை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சனை. கிளட்ச் ஸ்லிப் ஆனாலும் இதே மாதிரிதான். ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது.

டயர்ல காத்து. நாலு டயர்லயும் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையும்போதும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 33 இருக்க வேண்டிய இடத்துல 25 இருந்தா 1.6 சதவீதம். கேக்கச் சின்னதா இருக்கும். ஆனா டயர் ஓரம் தேயும், சூடாகும், ஹைவேல வெடிக்கற ஆபத்தும் கூடும். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல இருக்கும். "எல்லா வண்டிக்கும் 35தான்"னு காத்து அடிக்கிற தம்பி சொல்றதைவிட அந்த ஸ்டிக்கரை நம்புங்க. வண்டி ஓடிச் சூடாகறதுக்கு முன்னாடி பார்க்கணும், மாசம் ரெண்டு தடவை போதும்.

இன்ஜின் ஆயில். மேனுவல்ல 0டபிள்யூ-20 போடச் சொல்லியிருந்தா அதையே போடுங்க. கெட்டியான ஆயில் இன்ஜினுக்கு நல்லதுன்னு வேற கிரேடு ஊத்தினா, 1 முதல் 2 சதவீதம் மைலேஜ் போகும்.

இப்ப ஒரு ஆச்சரியம். ஏர் ஃபில்டர் அடைச்சா மைலேஜ் போயிடும்னு எல்லாரும் சொல்வாங்க. கார்புரேட்டர் காலத்துல அது உண்மை. இப்ப இருக்கற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்கள்ல, எவ்வளவு காத்து வருதோ அதுக்கு ஏத்த பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் விடும். அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009ல சோதிச்சப்ப, அடைச்ச ஃபில்டரால பிக்கப்தான் குறைஞ்சது, மைலேஜ்ல பெரிய மாற்றம் இல்லை. இன்ஜினுக்குள்ள தூசி போகாம இருக்க ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க. மைலேஜ் ஏறும்னு எதிர்பார்த்து மாத்தாதீங்க.

பெரிய ஓட்டை நம்ம காலுக்கு அடியில

ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும், ஏற்கனவே எரிச்ச பெட்ரோலைச் சூடா மாத்திக் காத்துல விடறோம். சிக்னல் சிவப்புன்னு கண்ணுக்குத் தெரியுது. அப்பவும் வேகமா போய் கடைசியில அழுத்திப் பிடிக்கறதுல என்ன லாபம்? சட்டுனு மிதிச்சு, சட்டுனு பிடிக்கிற ஓட்டம் சிட்டி டிராஃபிக்ல 10 முதல் 40 சதவீதம் மைலேஜைச் சாப்பிடும்னு அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கு. எத்தனால் இழப்பு இதுக்குப் பக்கத்துல வர முடியாது.

தூரத்துலயே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, கியர்லயே உருள விடுங்க. அப்ப இன்ஜெக்‌ஷன் கார் பெட்ரோல் தெளிக்கறதையே நிறுத்திடும். "நியூட்ரல்ல விட்டா மிச்சம்"னு சில பேர் பாலத்துல இறங்கும்போது பண்ணுவாங்க. நியூட்ரல்ல இன்ஜின் தன்னை ஓட வச்சுக்கறதுக்காகப் பெட்ரோல் குடிக்கும், கையில கண்ட்ரோலும் இருக்காது.

ஹைவேல வேகம். காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 80லிருந்து 110க்குப் போனா தடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சென்னையிலிருந்து திருச்சிக்கு 110ல போய் மிச்சம் பிடிச்ச நேரத்தை, டோல் பிளாசா வரிசையிலயே விட்டுடுவோம்.

நின்ன இடத்துல ஓடற இன்ஜின், அதோட சைஸைப் பொறுத்து, மணிக்கு ஒண்ணுலிருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் குடிக்கும். ஸ்கூல் வாசல்ல ஏசி போட்டு அரை மணி நேரம் நின்னா அரை லிட்டர் போச்சு. ஏசியை நிறுத்திட்டு வேர்த்து ஊத்திட்டு ஓட்டுங்கன்னு சொல்ல மாட்டேன். வெயில்ல நின்ன வண்டியில முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கி அனலை வெளியே விட்டுட்டு ஏசி போடுங்க. அது சீக்கிரம் குளிரும், கம்ப்ரஸர் பாடும் குறையும்.

இன்னொண்ணு யோசிங்க. இ20 வந்த அதே காலத்துல, நீங்க தினம் போற ரோடு எப்படி மாறியிருக்கு? சென்னையில மெட்ரோ வேலை, டைவர்ஷன்னு ஒரு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆயிருந்தா, அதே தூரத்துக்கு வண்டி கூடுதலா அரை மணி நேரம் எரிச்சிருக்கு. ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆகி, தினம் மூணு கிலோமீட்டர் கடைக்கு மட்டும் போய் வந்தா, இன்ஜின் சூடேறறதுக்குள்ள அணைச்சுடறீங்க. அதுலயும் மைலேஜ் விழும்.

நேயர் கேள்விகள், வேகமா

"காலையில பெட்ரோல் போட்டா அளவு கூடுதலா கிடைக்குமா?" பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம்தான் விரியும். பங்க் டேங்க் பூமிக்கு அடியில இருக்கறதால காலைக்கும் மத்தியானத்துக்கும் வெப்பம் பெருசா மாறாது. தூங்குங்க.

"நைட்ரஜன் அடிச்சா மைலேஜ் ஏறுமா?" சாதாக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சரியான அளவுல இலவசக் காத்து போதும்.

"சிஎன்ஜி 34 கொடுக்குதாமே, பெட்ரோல்ல 24தானே?" அது கிலோவுக்கு, இது லிட்டருக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில இருக்கற சக்தி ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 34ஐ ஒன்றரையால வகுத்தா 23தான் வரும். சிஎன்ஜியில வர்ற லாபம் மைலேஜ்ல இல்லை, விலையில. உங்க ஊர் விலையை கிலோமீட்டரால வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்னு பாருங்க. வழியில சிஎன்ஜி பங்க் எங்க இருக்கு, பின்னாடி டிக்கியில எவ்வளவு இடம் போகுதுங்கறதையும் சேர்த்துக்கோங்க.

இந்த மாசம் என்ன பண்ணலாம்?

வரிசை இதுதான். இன்னைக்கே டயர் காத்து, கதவு ஸ்டிக்கர்படி. செக் இன்ஜின் லைட் எரிஞ்சா இந்த வாரமே ஸ்கேன். அப்புறம் மூணு டேங்க், ஆட்டோ கட் முறையில. பழைய கணக்கு கையில இருந்து, சரிவு 7 சதவீதத்துக்குள்ளன்னா அது எரிபொருளோட வேலைன்னு எடுத்துக்கலாம். அதுக்காக பிரீமியம் பெட்ரோல், பாட்டில் அடிட்டிவ்னு மேல மேல செலவு பண்ண வேண்டாம். அதைத் தாண்டினா ஒண்ணு வண்டி, இல்லைன்னா ரோடு, இல்லைன்னா கால். சர்வீஸ் சென்டர் போகும்போது அந்த மூணு டேங்க் கணக்கைக் காட்டிப் பேசுங்க. "மைலேஜ் வரலை"ன்னு சொன்னா "இ20 சார்"னு அனுப்பிடுவாங்க. "20 சதவீதம் குறைஞ்சிருக்கு, இதோ நம்பர், இதுல இ20 பங்கு எவ்வளவு, மீதி எங்க?"ன்னு கேட்டா, வண்டியைத் தூக்கிப் பார்த்துத்தான் ஆகணும்.

உங்க மூணு டேங்க் கணக்கை வண்டி மாடல், வருஷத்தோட எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.